கம்பியை அளந்த ஆசிரியர்

மின் கேத்தல் ஒன்றைத் திருப்பி, அதன் அடிப்பகுதியைப் பார்த்தால் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 230 வோல்ட், மற்றொன்று 2300 வாட் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண் மின்திறனைக் குறிக்கிறது. 2300ஐ 230ஆல் வகுத்தால் கேத்தலில் பாயும் மின்னோட்டம் 10 ஆம்பியர் என்பது தெரியும். பிறகு, 230ஐ அந்த 10ஆல் வகுத்தால், உள்ளே நீரைச் சூடாக்கும் பாகத்தின் மின்தடை 23 ஓம் என்பதும் தெரியும். கேத்தலைக் கழற்ற வேண்டியதில்லை. அளவுக்கருவி எதுவும் தேவையில்லை. இடைநிலைப்பள்ளி மாணவர் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய கணக்கு இது.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கணக்கைச் செய்ய வழியே இல்லை. வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய அலகுகள் அப்போது பிறக்கவில்லை. மின்னோட்டத்தை அளக்கும் கருவி கடையில் கிடைக்கும் பொருளாக இல்லை. மின்கலத்தை ஒரு கம்பியால் இணைத்தால் கம்பியில் ஏதோ ஒன்று பாய்கிறது என்று அறிவியலாளர்கள் அறிந்திருந்தனர். எவ்வளவு பாய்கிறது, எது அதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு எண்களால் விடை கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் ஜோர்ஜ் சைமன் ஓம்.

ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை யோஹான் வொல்ஃப்காங் ஓம் பூட்டு செய்யும் தொழிலாளி. தாயார் மரியா எலிசபெத் தையற்காரர் ஒருவரின் மகள். அவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் மூவர் மட்டுமே வளர்ந்து பெரியவர்களாயினர். ஜோர்ஜுக்குப் பத்து வயதானபோது தாயார் காலமானார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தந்தையின் தோளில் விழுந்தது.

அந்தத் தந்தை உயர்கல்வி கற்றவர் அல்லர். ஆயினும், தாமே நூல்களைத் தேடிப் படித்துக் கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். பட்டறை வேலை முடிந்ததும் ஜோர்ஜையும் அவருடைய தம்பி மார்ட்டினையும் அமர வைத்துக் கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் எனப் பலவற்றையும் கற்பித்தார். ஜோர்ஜ் 11 வயதில் பள்ளியில் சேர்ந்தார். ஆனால், பள்ளியில் மனப்பாடமே பெரிதாகக் கருதப்பட்டது; அறிவியலுக்கு இடம் குறைவு. வீட்டுப் பாடம் பள்ளிப் பாடத்தைவிட ஆழமாக இருந்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இந்தச் சகோதரர்களைச் சோதித்துப் பார்த்து வியந்தார். புகழ்பெற்ற கணித மேதைகளான பெர்னூலி சகோதரர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசினார். பூட்டுத் தொழிலாளியின் குடும்பத்திற்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்? பின்னாளில் மார்ட்டினும் பெர்லினில் கணிதப் பேராசிரியராக உயர்ந்தார்.

1805இல் ஜோர்ஜ் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிடைத்த சுதந்திரம் அவரைத் திசை திருப்பியது. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது கழிந்தது. அரும்பாடுபட்டுப் படிக்க வைத்த தந்தைக்கு இது கடுஞ்சினத்தை மூட்டியது. மூன்று அரையாண்டுகள் முடிந்ததும் படிப்பை நிறுத்தி, மகனைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். 1806 செப்டம்பரில் ஜோர்ஜ் அங்குள்ள ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 17.

பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கியதும் கற்கும் ஆர்வம் மீண்டும் துளிர்விட்டது. லாங்ஸ்டார்ஃபின் அறிவுரைப்படி ஆய்லர், லாப்லாஸ் முதலிய மேதைகளின் கணித நூல்களைத் தாமே படித்தார். 1811இல் எர்லாங்கன் திரும்பி, அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே விரிவுரையாளராகப் பணியாற்றியபோது கிடைத்த வருமானம் வயிற்றுப்பாட்டிற்கே போதவில்லை. 1813இல் பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளிக்கு மாறினார். மூன்று ஆண்டுகளில் அப்பள்ளியும் மூடப்பட்டது. அந்த மனச்சோர்வுக்கிடையிலும் வடிவியல் பாடநூல் ஒன்றை எழுதி முடித்தார். 1817இல் கொலோன் நகரில் இயங்கிய புகழ்பெற்ற பள்ளி ஒன்று அவரைக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்க அழைத்தது. பின்னாளில் பெரும் கணித மேதையான டிரிக்லெ அப்பள்ளியில் அவரிடம் பயின்றவர்.

கொலோன் பள்ளியில் நல்ல இயற்பியல் ஆய்வுக்கூடம் இருந்தது. 1820இல் டென்மார்க் நாட்டு அறிவியலாளர் எர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டறிந்தார். மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசியை வைத்தால் ஊசி திரும்புகிறது என்பதே அது. ஐரோப்பாவெங்கும் இச்செய்தி பரவியது. ஓம் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார். ஊசி திரும்பும் அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டால் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தை எண்ணாக மாற்றிவிடலாம் அல்லவா?

வகுப்பு நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மின்கலத்தோடு இணைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார். கம்பி நீள நீள ஊசியின் திருப்பம் குறைந்தது. அது எந்த விதிப்படி குறைகிறது என்பதே கேள்வி. 1825இல் ஒரு சமன்பாட்டை அமைத்துக் கட்டுரையாக வெளியிட்டார். அது தவறான சமன்பாடு.

பிழை அவருடைய கணிதத்தில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. அக்கால மின்கலங்கள் நிலையற்றவை. சுற்றை இணைத்தவுடன் வலுவாக இருக்கும். சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். துண்டித்து ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும். ஒவ்வொரு நாளும் தானாகவே நீண்டு சுருங்கும் அளவுகோலைக் கொண்டு துணி அளந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? ஓம் அந்த ஏற்றத்தாழ்வைக் கவனித்திருந்தார்; ஆனால், அதை அடக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. ஆய்விதழ் ஆசிரியரான போகென்டார்ஃப் அதற்கு ஒரு வழி சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு, வெப்பத்தால் உண்டாகும் மின்சாரத்தைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தார்.

இருவேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் தோன்றும். 1821இல் சீபெக் என்னும் அறிவியலாளர் கண்ட உண்மை இது. ஓம் பிஸ்மத் உலோகத் துண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பைப் பொருத்தினார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றோர் இணைப்பைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனிக்கட்டி உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை, பாத்திரத்தில் பனிக்கட்டி இருக்கும்வரை மின்சாரத்தை உந்தும் விசை ஒரே அளவில் இருக்கும். வலு மிகக் குறைவுதான். ஆனால், ஓமுக்குத் தேவைப்பட்டது வலு அன்று, நிலைத்தன்மை.

காந்த ஊசியை மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டார். மின்னோட்டம் பாய்ந்து ஊசி திரும்பும்போது, மேலிருந்து இழையை முறுக்கி ஊசியை மீண்டும் பழைய இடத்திற்கே கொண்டுவந்தார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ அதுவே மின்னோட்டத்தின் அளவு. பட்டறையில் உலோகத்தோடு பழகி வளர்ந்தவருக்கு இத்தகைய நுண்கருவிகளைக் கையாள்வது இயல்பாகவே கைவந்திருக்க வேண்டும்.

1826 ஜனவரி மாதத்தில் ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளைச் சோதித்தார். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 2 அங்குலக் கம்பிக்குக் கருவி ஏறத்தாழ 327 காட்டியது. 18 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 191. 130 அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 48½. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கடைசிக் கம்பி முதல் கம்பியைப்போல் 65 மடங்கு நீளமுடையது. மின்னோட்டமோ ஏழில் ஒரு பங்கு அளவிற்கே குறைந்திருக்கிறது. ஏன் 65இல் ஒரு பங்காகக் குறையவில்லை?

ஓம் கண்ட விடை எளிமையானது. மின்சாரம் சோதனைக் கம்பி வழியாக மட்டும் பாய்வதில்லை. பிஸ்மத் துண்டு, இணைப்புகள் என முழுச் சுற்றையும் கடந்து வருகிறது. அந்த மீதிப் பகுதியும் தடுக்கிறது. அதன் தடை 20¼ அங்குலச் செம்புக் கம்பியின் தடைக்குச் சமம் என்று கொண்டால் எல்லா எண்களும் ஒழுங்காகப் பொருந்தின. கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி, வரும் தொகையால் 7285 என்னும் எண்ணை வகுக்க வேண்டும். 2 அங்குலக் கம்பிக்கு 7285ஐ 22¼ஆல் வகுத்தால் 327 வருகிறது. 130 அங்குலக் கம்பிக்கு 150¼ஆல் வகுத்தால் 48½ வருகிறது. எட்டுக் கம்பிகளுக்கும் கணக்கு மிக நெருங்கி வந்தது.

அடுத்து, கொதிநீரை அகற்றிவிட்டு வெப்ப வேறுபாட்டைக் குறைத்தார். 7285 இருந்த இடத்தில் மிகச் சிறிய எண் வந்தது. 20¼ அப்படியே இருந்தது. ஆகவே, மேலே உள்ள எண் மின்சாரத்தை உந்தும் விசையைச் சார்ந்தது. கீழே உள்ள தொகை பாதையின் தடையைச் சார்ந்தது. முதலாவதை மின்னழுத்தம் என்றும் இரண்டாவதை மின்தடை என்றும் இன்று வழங்குகிறோம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஓம் விதி என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

இங்கே இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி கேவண்டிஷ் 1781ஆம் ஆண்டிலேயே இதைப்போன்ற முடிவை எட்டியிருந்தார். அளவுக்கருவி இல்லாததால் தம் உடலையே கருவியாக்கி, மின்னதிர்ச்சியின் கடுமையை ஒப்பிட்டு அவர் ஆராய்ந்தார். ஆனால், முடிவுகளை வெளியிடவில்லை. 1879இல் மேக்ஸ்வெல் அவருடைய கையேடுகளைப் பதிப்பித்த பின்னரே உலகம் அதை அறிந்தது. எழுதி வெளியிட்டதாலேயே விதி ஓமின் பெயரைப் பெற்றது.

அந்த வெளியீட்டிற்கு ஓம் கொடுத்த விலை பெரிது. தம் கண்டுபிடிப்பை முழுமையான நூலாக எழுத விரும்பி, 1826இல் பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்தார். தம்பி மார்ட்டின் வாழ்ந்த பெர்லினுக்குச் சென்றார். 1827இல் நூல் வெளிவந்தது. வெப்பம் ஒரு பொருளில் பரவுவதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே கணிதமாக்கியதைப்போல, மின்சாரம் கம்பியில் பரவுவதை ஓம் கணிதமாக்கியிருந்தார். பல்கலைக்கழகப் பதவி ஒன்று இந்நூலால் கிடைக்கும் என்று நம்பினார்.

நம்பிக்கை பொய்த்தது. அன்றைய ஜெர்மானிய இயற்பியலாளர் பலர் கணிதத்தில் பழக்கமில்லாதவர்கள். இயற்கையைச் சமன்பாட்டில் அடைப்பது பொருந்தாது என்று கருதியவர்களும் இருந்தனர். சிலர் நூலைக் கடுமையாகத் தாக்கினர். பலர் கண்டுகொள்ளவே இல்லை. செய்முறை ஆய்வுகளை முன்னால் வைக்காமல், கணிதத்தையே முன்னால் வைத்து எழுதியதும் வாசகர்களை விலக்கியது என்றே சொல்ல வேண்டும். மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பள்ளி வேலையைத் துறந்தார். அவர் பதவியிலிருந்து விரட்டப்பட்டார் என்று கதைபோலச் சொல்வதுண்டு. அவரே விலகினார் என்பதுதான் உண்மை. அடுத்த சில ஆண்டுகள் பெர்லினில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்துச் சிக்கனமாக வாழ்ந்தார். 1833இல்தான் நியூரம்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது.

இதற்கிடையில் விதி தானாகவே நண்பர்களைத் தேடிக்கொண்டது. லைப்சிக் நகரில் ஃபெக்னர் விரிவான சோதனைகள் நடத்தி அது சரியென்று 1831இல் காட்டினார். ரஷ்யாவில் லென்ஸ் அதைப் பயன்படுத்தினார். தந்தித் தொழில்நுட்பம் வளரத் தொடங்கியதும், நெடுந்தொலைவுக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது. அதற்கு ஓமின் விதி தேவைப்பட்டது. 1841இல் லண்டன் ராயல் கழகம் தனது உயரிய விருதான கோப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. மறு ஆண்டு அவரை வெளிநாட்டு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. சொந்த நாட்டைவிட அயல்நாடே முதலில் அவரைப் பெரிதாகக் கொண்டாடியது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்னும் இளைஞர் வேறொரு பக்கத்திலிருந்து மின்தடையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்னோட்டம் பாயும் கம்பி சூடாவது எல்லாரும் அறிந்ததே. அந்தச் சூடு மின்தடைக்கு ஏற்பவும், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் கூடுகிறது என்று ஜூல் கண்டார். இவ்வாறு ஒவ்வொரு விநாடியும் செலவாகும் மின்னாற்றலே மின்திறன். மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, மின்தடையால் மீண்டும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். இதையே ஓம் விதியோடு இணைத்தால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினாலே போதும். முதலில் பார்த்த கேத்தலுக்கு இருவழியிலும் கணக்கிடலாம். 230ஐ 10ஆல் பெருக்கினாலும் 2300 வாட். 10ஐ 10ஆல் பெருக்கி 23ஆல் பெருக்கினாலும் அதே 2300 வாட்.

இதில் வர்க்கம் என்னும் சொல்லை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. மின்தடை அரை ஓம் உள்ள மெல்லிய நீட்டிப்புக் கம்பி ஒன்றில் ஒரு கேத்தலை மட்டும் செருகினால் 10 ஆம்பியர் பாயும். கம்பியில் 50 வாட் வெப்பம் உண்டாகும். அதே கம்பியில் இரண்டு கேத்தல்களைச் செருகினால் மின்னோட்டம் ஏறத்தாழ 20 ஆம்பியர் ஆகும். வெப்பம் இரு மடங்காக உயர்வதில்லை. நான்கு மடங்காகி 200 வாட்டை நெருங்கும். கம்பியின் மேலுறை இளகித் தீப்பிடிக்க இது காரணமாகலாம். வீட்டு மின்செருகியினுள் 13 ஆம்பியர் உருகி பொருத்தப்பட்டிருப்பது அந்த நிலை வராமல் தடுப்பதற்காகவே.

ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் எல்லா நிலையிலும் பொருந்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய குண்டு விளக்கின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை குறைவு. ஒளிரத் தொடங்கியதும் பல மடங்கு கூடிவிடும். வெப்பநிலை மாறாதபோது ஓர் உலோகக் கம்பியின் மின்தடையும் மாறாது. பனிக்கட்டிப் பாத்திரத்தின் அருகே அமர்ந்து ஓம் அளந்தது அத்தகைய கம்பிகளைத்தான்.

நியூரம்பர்க்கில் இருந்தபோது ஓம் ஒலியியலிலும் ஆராய்ச்சி செய்தார். 1839இல் அக்கல்லூரியின் முதல்வரானார். இளமையிலிருந்து விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். 1854 ஜூலை 6ஆம் நாள் மியூனிக்கில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1881இல் பாரிஸ் நகரில் மின்சாரத் துறையினரின் அனைத்துலக மாநாடு கூடியது. மின்னழுத்தத்திற்கு வோல்ட், மின்னோட்டத்திற்கு ஆம்பியர், மின்தடைக்கு ஓம் என்னும் அலகுகளை அது ஏற்றுக்கொண்டது. ஓர் ஓம் என்பது எவ்வளவு என்று எல்லா நாட்டினரும் ஒரேபோல் அறிய ஏதேனும் ஒரு பொருள் தேவைப்பட்டது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள பாதரசத் தம்பத்தைத் தேர்ந்தெடுத்தனர். பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் அதை வைக்க வேண்டும். எத்தனை நீளத்தில் அதன் மின்தடை ஓர் ஓம் ஆகும் என்பதை மீண்டும் மீண்டும் அளந்தனர். கொலோன் ஆய்வுக்கூடத்தில் ஓம் மின்தடையை அங்குலக் கணக்கில் குறித்துவைத்ததைப்போலவே, 1884இல் அவர்களும் அதை ஒரு நீளமாக எழுதினர்: 106 சென்டிமீட்டர்.